மாரிச்செல்வியின் சம்மதம்

மாரிச்செல்விக்குச் சம்மதம் என்று டாக்டர் சொன்னபோது, மாரிச்செல்வி பக்கத்து அறையில் வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்களுக்குக் காது கேக்குதுல்ல?" என்றேன்.

டாக்டர் கிரேஸ்லின் கோபப்படவில்லை. என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போல. "கேக்குதும்மா. அது நோய் பேசுறது. சம்மதம் சொன்னது அவங்க" என்று மேஜைமேல் இருந்த திரையை என் பக்கம் திருப்பினார்.

திரையில் மாரிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். நீலநிற முழுக்கைச் சட்டை. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை. முதுகு நாற்காலியில் படவில்லை.

"காலை வணக்கம் மேடம். உங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி" என்றது அது.

"என்ன மேடம் இது, பழைய வீடியோவா?"

"வீடியோ இல்ல. முன்குரல். வேலைக்குச் சேரும்போது நீங்களும் பதிவு பண்ணியிருப்பீங்களே. தெளிவா இருக்கும்போது உட்கார்ந்து பேசுறீங்க. அதை வச்சு உங்களை மாதிரியே யோசிச்சுப் பதில் சொல்ற ஒரு ஆளை உண்டாக்கி வைக்கிறாங்க. நாளைக்கு உங்களுக்கு நினைவு தப்பிப்போனா, மனசு கலங்கிப்போனா, உங்களுக்காக அது பேசும். அது சொன்னா நீங்க சொன்ன மாதிரி."

"எவன் கொண்டுவந்த சட்டம் இது?"

"திட்டாதீங்க. இதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். புருஷன் சொன்னாப் போதும், பொண்டாட்டிய உள்ள தள்ளிக் கதவைச் சாத்திடலாம். அண்ணன் சொன்னாப் போதும், தங்கச்சிக்குத் தலையில கரண்ட் ஷாக் வைக்கலாம். இப்ப யாரா இருந்தாலும் முதல்ல அவங்களையேதான் கேக்கணும். நல்ல சட்டம்தான்."

நல்ல சட்டம்தான். அதனால்தான் அதைத் திட்டவும் முடியவில்லை.

டாக்டர் செய்ய நினைத்தது இது: இடது முழங்கைக்கு மேலே தோலுக்கு அடியில் ஒரு விதை. அரிசி அளவுதான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு அதுவே மருந்தைக் கசியவிடும். உடம்பில் மருந்து எவ்வளவு இருக்கிறது, தூக்கம் எப்படி, துடிப்பு எப்படி என்று மருத்துவமனைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுவில் எடுக்க முடியாது.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாரிச்செல்விக்கு விளாத்திகுளம் பக்கம். எனக்குப் பண்ருட்டி பக்கம். இரண்டு பேர் வீட்டிலும் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவர்கள் நாங்கள்தான். சிறுசேரியில் ஒரே கம்பெனி, ஒரே ஹாஸ்டல், ஒரே அறை. இயந்திரங்கள் வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும். அதைக் கேட்டு, எங்கே மரியாதை குறைகிறது, எங்கே அதிகமாக வழிகிறது என்று குறித்துக் கொடுப்பது எங்கள் வேலை. நாள் முழுக்கக் காதில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது அவள் தூங்குவதை விட்டாள். பிறகு மெஸ் சாப்பாட்டை விட்டாள். அந்தக் குரல்களில் ஒன்றுக்குத் தன்னைத் தெரியும் என்றாள். வேலை அதிகம், லீவு போட்டு ஊருக்குப் போடி என்றேன். வீட்டுக்கு மட்டும் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒருநாள் இடது கையில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றிக்கொண்டு கட்டிலின் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"இங்கன எதையோ வச்சிட்டாங்கட்டி அஞ்சல. நான் நினைக்கிறதெல்லாம் அது வழியாப் போவுது."

"லூசாடி நீ?" என்றேன். அப்படித்தான் நாங்கள் எப்போதும் பேசிக்கொள்வோம். ஆனால் அவள் திருப்பித் திட்டவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நானும் அவர்கள் ஆள்தானா என்று கணக்குப் போடுகிற பார்வை.

அவள் தலையணைக்குப் பக்கத்தில் ஊக்கு கிடந்தது. துப்பட்டாவில் ரத்தம் இருந்தது. வார்டன் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரிப் பொண்ணுங்களை எல்லாம் வச்சிக்க முடியாது, காலையில் கூட்டிட்டுப் போயிடு என்றார். பாம்பைச் சொல்வது போலச் சொன்னார்.

நான் மாரிச்செல்வியோடு வாதாடுவதை விட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியல. இருக்குன்னு நீ சொல்ற. ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். இருந்தா நானே எடுக்கச் சொல்றேன்" என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு வந்தாள். ஆட்டோவில் அந்தக் கையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கம்பெனி காப்பீட்டில் சேர்ந்த மருத்துவமனை. படம் எடுத்தார்கள். அவளிடமே காட்டினார்கள். எலும்பும் சதையும் மட்டும்தான் இருந்தது. படத்தையே பார்த்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"இப்ப இல்ல. இனிமேதான் வைப்பாங்க."

அது நோய் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் நர்ஸ் வந்து அதே கையில் பஞ்சால் ஸ்பிரிட் தடவினார். அப்போது ஆரம்பித்ததுதான் அந்தக் கத்தல்.

"மேடம், அவ பயப்படறதே அதுக்குத்தான். கையில எதையோ வச்சுத் தன்னை ஒட்டுக் கேக்கறாங்கன்னு சொல்றா. நீங்க நிஜமாவே கையில ஒண்ணை வச்சு ஒட்டுக் கேக்கப் போறேங்கறீங்க. குணமானப்புறம் அவகிட்ட என்ன சொல்லுவீங்க? உனக்கு வந்தது பைத்தியம், ஆனா நீ சொன்னது உண்மைன்னா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் யோசிக்கலன்னு நினைக்காதீங்க. மாத்திரை கொடுத்து அனுப்புறேன். கொஞ்சம் சரியானதும் நிறுத்திடுறாங்க. அடுத்த தடவை இதைவிட மோசமாத் தூக்கிட்டு வர்றாங்க. சில பேரைத் தூக்கிட்டு வர்றதே இல்ல. விதை வச்சவங்க அப்படித் திரும்பி வர்றதில்ல. அதுவும் போக, அவங்களே சரின்னு சொல்லியாச்சு." திரையைப் பார்த்து, "மாரிச்செல்வி, மறுபடியும் கேக்கறேன். இந்தச் சிகிச்சைக்கு உங்களுக்குச் சம்மதமா?"

"நிச்சயமாக மேடம். எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. புதிய விஷயங்களைக் கற்றுக்கொள்வதில் எனக்கு ஆர்வம் அதிகம்."

தலையை இடது பக்கம் லேசாகச் சாய்த்து, பல் தெரியாமல் சிரித்தது.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இறுதியாண்டில் வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு வந்த ஆள் சொல்லிக்கொடுத்த சிரிப்பு. எல்லாக் காலேஜுக்கும் அதே மாதிரி ஓர் ஆள்தான் போவான். பல் தெரிந்தால் பட்டிக்காடு என்று நினைப்பார்கள், சிரிக்காவிட்டால் திமிர் என்று நினைப்பார்கள், ஆகவே இவ்வளவு என்று விரலால் அளந்து காட்டுவான். கேட்ட எதற்கும் முடியாது என்று சொல்லக் கூடாது. தெரியாது என்றும் சொல்லக் கூடாது. கற்றுக்கொள்ளத் தயார் என்று சொல்ல வேண்டும்.

"மேடம், இது அவ இல்ல."

"அவங்க முகம், அவங்க குரல், அவங்க பதில்."

"இது இன்டர்வியூ."

டாக்டர் புரியாமல் பார்த்தார்.

"ஏசி ரூமுல உட்காரவச்சு, எதிர்ல கேமராவை வச்சு, மரியாதையா ஒருத்தர் கேள்வி கேட்டா அதுக்கு எங்களுக்கு ஒரே பேருதான் மேடம். இன்டர்வியூ. இது இன்டர்வியூ இல்ல, உன் மனசுல இருக்கறதைச் சொல்லுன்னு யாராவது வாயால சொல்லியிருந்தாலும் நாங்க நம்பியிருக்க மாட்டோம். அந்தச் சட்டையைப் பாருங்க. வீட்டுல இருக்கறவ போடுற சட்டையா அது? உங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட கேள்வி கேட்டா, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லும். நாங்க யோசிக்கறோம்னு சொன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க."

"இதை நான் எப்படி நம்புறது?"

"நான் கேக்கலாமா அதுகிட்ட?"

கொஞ்சம் தயங்கினார். பிறகு திரையை நோக்கிக் கையைக் காட்டினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் மேனேஜர் குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"மாரிச்செல்வி, ஞாயிற்றுக்கிழமை வேலை பார்ப்பீங்களா?"

"கண்டிப்பாக மேடம். எனக்கு வேலைதான் முக்கியம்."

"கௌஹாத்திக்கு மாத்தினா போவீங்களா?"

"எங்கு வேண்டுமானாலும் செல்லத் தயார்."

"அஞ்சு வருஷத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கக் கூடாது."

"எனக்கு அப்படி எந்தத் திட்டமும் இல்லை மேடம்."

"உங்க இடது கையை எடுத்துடலாம்னு கம்பெனி முடிவு பண்ணியிருக்கு."

அது ஒரு கணம் நின்றது. கண் இமைத்தது. பிறகு தலையைச் சாய்த்தது. "சவால்களை நான் வாய்ப்புகளாகப் பார்க்கிறேன். குழுவின் முடிவுக்கு முழு ஒத்துழைப்பு தருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து அறையில் கத்தல் அழுகையாக மாறியிருந்தது.

"நீங்க வேணும்னே இடக்காக் கேக்கறீங்க" என்றார் டாக்டர். ஆனால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்னால் சாய்ந்தார். "மாரிச்செல்வி, நான் டாக்டர். உங்களுக்கு வைத்தியம் பண்றேன். நான் ஏதாவது தப்புப் பண்ணினா என்கிட்ட சொல்லுவீங்களா?"

"நீங்கள் தவறு செய்ய மாட்டீர்கள் மேடம்."

டாக்டர் நிமிர்ந்தார். பிறகு திரையை அணைத்தார்.

"இத்தனை வருஷத்துல எந்த நோயாளியும் என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல" என்றார். "மனசு கலங்கினவங்ககூடச் சொன்னதில்ல."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"முன்குரல் நம்பத் தகுந்ததா இல்லன்னு என்னால எழுத முடியும். ஆனா அப்படி எழுதிட்டா முடிவு எடுக்க வேற ஆள் வேணும். காப்பீட்டுப் படிவத்துல அதுக்கு அவங்க நியமிச்ச ஆள் நீங்கதான், அஞ்சலாட்சி. விதை வேண்டாம்னு நீங்க சொல்லிடலாம். சரி. சாப்பிடாம, தூங்காம, ஊக்கால கையைக் கிழிச்சுக்கிட்டு இருக்காங்களே, அதுக்கு என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

இதற்கு என்னிடம் கோபம் மட்டும்தான் இருந்தது. கோபம் மருந்தாகாது என்று தெரிகிற அளவுக்கு நானும் படித்திருக்கிறேன்.

"அவளைக் கேப்போம்" என்றேன்.

"இந்த நிலைமையிலயா?"

"அவளுக்கு உடம்புதான் சரியில்ல. வாய் போயிடலையே."

உள்ளே போனோம். மாரிச்செல்வி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். நான் தூரத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். டாக்டர் நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, புடவையை ஒதுக்கிக்கொண்டு அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"மாரிச்செல்வி, உங்க கையில எதையும் வைக்க மாட்டேன். யாரையும் தொட விடமாட்டேன். உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு நான் நினைக்கறேன். மருந்து கொடுத்தா தூக்கம் வரும், பயம் குறையும்னு நினைக்கறேன். நீங்க அப்படி நினைக்கல. அது எனக்குத் தெரியுது. ஊசி வேணுமா, மாத்திரை வேணுமா, நாக்குல வச்சாக் கரையுறது வேணுமா? நீங்க சொல்லுங்க."

அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, எங்களிடம் அல்ல. பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவ யாரு?"

"நான்தாண்டி, அஞ்சல."

"அஞ்சலன்னா என்னைத் திட்டுவா."

"அடி எருமமாடே, உன்னால ரெண்டு நாளாக் குளிக்கலடி நான். வார்டன்கிட்ட பேச்சு வாங்கினேன், ஆட்டோக்காரன்கிட்ட பேச்சு வாங்கினேன், இப்ப நான் யாருன்னு உன்கிட்ட வேற சொல்லணுமா?"

டாக்டர் என்னைத் தடுக்கக் கையைத் தூக்கினார். மாரிச்செல்வியின் தோள் சற்று இறங்கியது. கையை முன்னால் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

"கரையுறது" என்றாள். "தண்ணிய மொதல்ல அவ குடிக்கட்டும்."

குடித்தேன். பாதி டம்ளரை அவளிடம் நீட்டினேன். மாத்திரையைத் தன் கையாலேயே உறையைப் பிரித்து நாக்கில் வைத்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி தண்ணீரைக் குடித்தாள்.

மருந்து மந்திரம் இல்லை. பெரும்பாலும் தூங்கினாள். விழித்தால் நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. ஈர சிமெண்டில் நடப்பவள் போலக் காலை எடுத்து வைத்தாள். சில நாள் துப்பிவிடுவாள், டாக்டர் வந்து மறுபடியும் தரையில் உட்கார்ந்து கேட்பார். மருந்தை மாற்றினார், அளவைக் குறைத்தார். ஒவ்வொரு முறையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார். விதை வைத்திருந்தால் இத்தனை தொல்லை இல்லை என்று ஒருமுறை என்னிடம் முணுமுணுத்தார். அவர் சொன்னது பொய்யில்லை.

வீட்டுக்கும் சொன்னேன். அவள் அக்கா பொன்னுத்தாய் முதல் பஸ்ஸில் கிளம்பி வந்தாள். ஊரில் தையல் கடை வைத்திருக்கிறவள். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, மழை தொடங்குனதுலருந்தே இப்படி இருக்கான்னு சொல்லுத. எங்களுக்கு ஒரு போனு போட ஒனக்கு வெரல் இல்லியோ?"

"அவதான் சொல்லாதேன்னா."

"அவதான் கிறுக்குப் பிடிச்சுக் கெடந்தாளே. ஒனக்குமா?"

பொன்னுத்தாய் உள்ளே போய், தங்கை முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் பின்னால் உட்கார்ந்து சிக்கு விழுந்த தலையைப் பிரிக்கத் தொடங்கினாள். சாயங்காலம் வரை பிரித்தாள். மாரிச்செல்வி அவள் முழங்காலில் சாய்ந்து தூங்கினாள்.

பிறகு ஒருநாள் மதியம், தட்டில் ஊற்றியதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இது சாம்பாரா, கை கழுவுன தண்ணியா?" என்றாள். பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். நான் அந்தச் சாம்பாரை இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் முன் முன்குரலைப் புதிதாகப் பதிய வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி நைட்டியோடே வந்து உட்கார்ந்தாள். பதிவு செய்கிற பெண் பழையதை அழிக்கலாமா என்று கேட்டபோது, ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். நீலச் சட்டை போட்டது திரையில் வந்து வணக்கம் சொன்னது. மாரிச்செல்வி சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பாவம்ட்டி" என்றாள். "வேலை கெடைக்கணுமேன்னு எம்புட்டுப் பயந்து போயிருக்கா பாரு." அப்புறம் அந்தப் பெண்ணிடம், "அழிச்சிருங்கக்கா" என்றாள்.

கேள்விகள் ஆரம்பித்தன. மாரிச்செல்வி ஒவ்வொன்றுக்கும் சுவரைப் பார்த்து யோசித்துப் பதில் சொன்னாள்.

"மறுபடியும் இப்படி வந்தா சிகிச்சை ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிங்க. கத்துனாலும் ஆரம்பிங்க. ஆனா கத்துறவகிட்டயும் ஒரு தடவை கேளுங்க."

"தோலுக்கு அடியில வைக்கற விதை?"

"வேண்டாம். பொறவு எப்பமாச்சும் வேணும்னா நானே வந்து சொல்லுதேன்."

"உங்க சார்பா முடிவு எடுக்க யாரை நியமிக்கறீங்க?"

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடையாள அட்டையைக்கூடக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

"எங்க அக்கா. பொன்னுத்தாய்."

"இப்ப அஞ்சலாட்சின்னு இருக்கு. அதை எடுத்துடலாமா?"

"எடுத்துருங்க."

வெளியே வந்ததும் நான் விறுவிறுவென்று நடந்தேன். பஸ் நிறுத்தத்தில்தான் நின்றேன். பொன்னுத்தாய் மருந்து வாங்கப் போயிருந்தாள். மாரிச்செல்வி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த மருந்தில் அவளால் வேகமாக நடக்க முடியாது. அதை மறந்துவிட்டேன்.

"கோவமா?"

"எனக்கு என்னாடி கோவம். உன் இஷ்டம். அந்த டாக்டர்கூட நான்தான் சண்டை போட்டேன், உங்கக்கா இல்ல. அதைச் சொன்னேன்."

"நீதான் போட்ட. யாரு இல்லன்னா?"

"அப்புறம் என்ன?"

வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க இன்னும் அவளுக்கு நேரம் ஆகிறது.

"அக்கா தூரத்துல இருக்கா. கேட்டா வருவா, முடிவு சொல்லுவா, போயிருவா. ஊருக்குப் போயிட்டு வந்தா, புது ஹாஸ்டல்லயும் நீதான் என்கூட ஒரே ரூமுல கெடக்கப் போறவ. நாளைக்கு எனக்குள்ள ஏதோ சரியில்லன்னு எனக்கே மொதல்ல தெரியுது, வச்சுக்கோ. யாருகிட்ட வந்து சொல்லுவேன்? என்னை உள்ள போடுற அதிகாரம் வச்சிருக்கிறவகிட்டயா? ஒனக்கு அந்த அதிகாரம் இருந்தா, நான் ஒன்கிட்ட நடிக்க ஆரம்பிச்சிருவேன்ட்டி. நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு, நல்லாயிருக்கேன் மேடம்னு."

எதிரே ஒரு பஸ் நின்று போனது. எங்களுடையது இல்லை.

"எனக்குத் திட்டுறதுக்கு ஒருத்தி வேணும்" என்றாள். "கையெழுத்து யாரு வேணும்னாலும் போடட்டும்."

அடையாள அட்டையைப் பையில் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இடது கையைப் பெஞ்சின்மேல் வைத்திருந்தாள். ஊக்கு கீறிய இடங்கள் ஆறிக் கோடு கோடாக இருந்தன.

"அஞ்சல."

"சொல்லு."

"இன்னிக்குக் காலையில கொஞ்ச நேரம் இங்கன ஊறுச்சு. உள்ளுக்குள்ள. ஒண்ணும் இல்லன்னு தெரியும். ஆனாலும் ஊறுச்சு. வீட்டுக்கு விட மாட்டாங்களோன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லல. அக்காகிட்டயும் சொல்லல."

மழைக்காலத்தில் இதே ஊறலை நான் கண்டுபிடிக்கும்போது துப்பட்டாவில் ரத்தம் இருந்தது. இன்றைக்கு அவளே சொல்கிறாள், பட்டப்பகலில், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

"அதை அங்கேயே சொல்றதுக்கு என்னாடி கேடு உனக்கு, மூதேவி" என்றேன். "எழுந்திரு. டாக்டர் இன்னும் கிளம்பியிருக்க மாட்டாங்க."

"திரும்பப் படுக்கச் சொல்லிருவாங்களோ?"

"தெரியல. கேப்போம். நீ கேளு, நான் பக்கத்துல நிக்கறேன்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வந்த வழியே திரும்பினோம், அவள் வேகத்தில்.